நகராத பூஜ்யம்

"அப்பா, இந்த வெப்பமானி கெட்டுப்போச்சு. ஏறவே மாட்டேங்குது."

டம்ளரில் பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும். மகள் கலக்கிக்கொண்டே இருக்கிறாள். கட்டிகளின் முனை மழுங்கி, ஒன்றன்மேல் ஒன்று சரிகின்றன.

எண் மட்டும் 0-வை விட்டு அசையவில்லை.

அறையின் சூடு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அத்தனையும் மூலக்கூறுகளின் பிடியைத் தளர்த்தவே செலவாகிறது. உள்ளுறை வெப்பம். 1760-களிலேயே ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக் சொல்லிக்கொடுத்த விஷயம்.

ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிராம் தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோய்விடும். கை பொறுக்காத சூடு! இங்கே வெறுமனே கட்டியைத் தண்ணீராக்குவதோடு தீர்ந்துவிடுகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த எண்தான், இன்றுதான் உறைத்தது.

டம்ளரின் வெளிப்பக்கம் துளித்துளியாக வியர்த்திருந்தது. அது காற்றிலிருந்த நீராவி. திடம், திரவம், வாயு மூன்றும் ஒரே டம்ளரைச் சுற்றி.

கடைசிக் கட்டி பட்டாணி அளவாகி, கடுகளவாகி, காணாமல் போனது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

"ஒண்ணு! அப்பா, ஒண்ணு ஆயிடுச்சு!"