ஜி.ஐ.எஸ். இன்டர்ன்ஷிப்: வரைபடத்துக்கு முன்னால் நடக்கும் வேலை

கல்லூரியில் ஜி.ஐ.எஸ். (இடம் சார்ந்த தரவைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் புவியியல் தகவல் முறைமை) படித்தபோது எங்கள் கைக்கு வந்த தரவு எல்லாமே சுத்தமானது. கோப்பைத் திறந்தால் லேயர்கள் (சாலை, குழாய் எனத் தனித்தனித் தரவு அடுக்குகள்) ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்காரும். பஃபர் போட்டு (ஓர் இடத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு எல்லை வரைவது), கிளிப் செய்து (வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது), வண்ணம் கொடுத்தால் பயிற்சி முடிந்துவிடும். ஆறு மாத இன்டர்ன்ஷிப்பில் என் நேரத்தில் பெரும்பகுதி அந்தக் கச்சிதத்தை உருவாக்குவதற்கே போனது. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் முதல் மாதத்தில் அவ்வளவு தடுமாறியிருக்க மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குத் தந்த முதல் வேலை, ஒரு கழிவுநீர்க் குழாய் வரைபடத்தை ஸ்கேன் செய்த படத்திலிருந்து டிஜிட்டைஸ் செய்வது, அதாவது படத்தின் மேல் கோடுகளை வரைந்து தரவாக்குவது. அதற்கு முன் அந்தப் படத்தை ஜியோரெஃபரன்ஸ் செய்ய வேண்டும், அதாவது பூமியில் அதன் சரியான இடத்தில் பொருத்த வேண்டும். படத்திலும் நிலத்திலும் இடம் தெரிந்த மூன்று கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வைத்தேன். பிழை பூஜ்யம் என்று காட்டியது. மகிழ்ச்சியோடு மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவர், "நாலாவது புள்ளி வைத்துப் பாருங்கள்" என்றார். வைத்ததும் பிழை எகிறியது. படத்தை நகர்த்தி, திருப்பி, சாய்த்து, அளவு மாற்றிப் பொருத்தும் சாதாரண நேரியல் மாற்றத்துக்கு 3 புள்ளிகளே போதும். மூன்றோடு நிறுத்தினால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு புள்ளி இல்லாததால் பிழை எப்போதும் பூஜ்யமாகத்தான் வரும். புள்ளிகளைப் படத்தின் நான்கு மூலைகளுக்கும் நடுவுக்கும் பரப்பி வைக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் புரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் ஒரு பக்கமாக வைத்தால் பிழை எண் சிறிதாக இருக்கும், எதிர்ப்பக்கம் மட்டும் விலகிப் போயிருக்கும்.

அடுத்தது குழாய்க் கோடுகள். இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். திரையில் எல்லாம் இணைந்தே தெரிந்தன. ஆனால் நீரோட்டத்தைக் கண்டுபிடிக்கும் பகுப்பாய்வு ஓடியபோது பாதி வழியில் நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் என் அருகில் அமர்ந்து ஒரு சந்திப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இடைவெளி திறந்தது. 20 சென்டிமீட்டர். 1:1000 அளவில் அது 0.2 மில்லிமீட்டர், கண்ணுக்குப் படவே படாது. கணினிக்கோ அந்த இடத்தில் குழாய் அறுந்துவிட்டது. கோட்டு முனைகளைத் தானாக ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங்கை இயக்காமலே வரைந்திருக்கிறேன். கோடுகள் சரியாக இணைந்திருக்கின்றனவா என்று பார்க்கும் டோப்பாலஜி சோதனை ஓட்டியதில் இப்படிப்பட்ட இடங்கள் பட்டியலாக வந்தன. தானியங்கியாகச் சரிசெய்யலாம்தான். ஆனால் முதல் சிலவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார், ஏனென்றால் சில குழாய்கள் உண்மையிலேயே அங்கே முடிகின்றன. எது என் பிழை, எது நிலத்தின் உண்மை என்று பிரித்தறிவதுதான் வேலை. அந்த அரைமணி நேரத்துக்காகவே இன்டர்ன்ஷிப் போயிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ப்ரொஜெக்‌ஷன் விஷயத்தில், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடத்தில் கொண்டுவரும் முறையில், எல்லோரும் ஒரு தடவையாவது விழுவார்கள். ஷேப்ஃபைல் (ஜி.ஐ.எஸ். தரவைச் சேமிக்கும் ஒரு வடிவம்) என்பது ஒரே கோப்பு அல்ல, சில கோப்புகளின் கூட்டு. அதில் பி.ஆர்.ஜே. கோப்பு விடுபட்டால் ஆயத்தொலைவு முறை எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. அப்போது லேயருக்கு ஒரு முறையின் பெயரைச் சூட்டுவது வேறு, ஆயத்தொலைவுகளையே மாற்றிக் கணக்கிடுவது வேறு. மூட்டையில் ஒட்டிய சீட்டில் கிலோவை அடித்துவிட்டுப் பவுண்டு என்று எழுதினால் எடை மாறுமா? நான் அதைத்தான் செய்தேன். லேயர் எங்கோ கடலில் போய் உட்கார்ந்தது. தூரமோ பரப்போ கணக்கிடும் முன் லேயரின் அலகு பாகையா மீட்டரா என்று பார்த்துவிடுங்கள். ஜி.பி.எஸ். பயன்படுத்தும் ‘டபிள்யூ.ஜி.எஸ். 84’ என்ற முறையில், பாகை அலகில் இருக்கும் லேயருக்கு 500 என்று பஃபர் கொடுத்தால் அது 500 மீட்டர் அல்ல, 500 பாகை. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் என்ற முறையில் பரப்பு எடுப்பதும் ஆபத்து: 60 பாகை அட்சரேகையில் பரப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகக் காட்டும்.

இன்னொரு சின்ன விஷயம். ஷேப்ஃபைலின் அட்டவணையில் நெடுவரிசையின் (column) பெயர் 10 எழுத்துகளுக்கு மேல் நிற்காது. ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு நீளமான பெயர்கள் வெட்டுப்பட்டு வந்தால் எது எதுவென்று தெரியாது. முடிந்தால் ஜியோபேக்கேஜ் என்ற வேறு கோப்பு வடிவில் சேமியுங்கள்.

களப்பணிக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள். கூப்பிடாவிட்டால் நீங்களே கேளுங்கள். நான் போனது மேன்ஹோல் மூடிகளைப் பதிவு செய்ய. திறந்த வானத்தின் கீழேகூட மொபைல் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டலாம். மரமும் உயரமான கட்டடமும் இருந்தால் இன்னும் மோசம். ஓரிடத்தில் இரண்டு மூடிகள் 3 மீட்டர் இடைவெளியில் இருந்தன. அலுவலகம் திரும்பிப் பார்த்தால் இரண்டு புள்ளிகளும் இடம் மாறி விழுந்திருந்தன. கையில் கிறுக்கி வைத்த படமும் இரண்டு புகைப்படங்களும்தான் காப்பாற்றின. அதற்குப் பிறகு திரையில் எந்தப் புள்ளியைப் பார்த்தாலும், இதை யார், எதை வைத்து, எங்கே நின்று எடுத்தார்கள் என்ற கேள்வி தானாக எழுகிறது.

இன்டர்ன்ஷிப்பை ஏற்கும் முன் மூன்று விஷயங்களைத் தயங்காமல் கேளுங்கள்: என் வேலையை யார் சரிபார்ப்பார்கள், தரவு எங்கிருந்து வருகிறது, களத்துக்குப் போக வாய்ப்பு உண்டா. முதல் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் ஆறு மாதமும் பாலிகான் (பலகோணம்) வரைந்துகொண்டே இருக்க நேரலாம். டிஜிட்டைசிங்கைக் குறைத்துச் சொல்லவில்லை, கண் பழகுவதே அதில்தான். ஆனால் முதல் மாதம் கழிந்ததும், ஒரு சின்ன வேலையைத் தரவு சேகரிப்பிலிருந்து இறுதி வரைபடம் வரை முழுதாகத் தரும்படி கேளுங்கள். நான் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள்.

விண்ணப்பிக்கும்போது காட்ட ஒரு திட்டமாவது இருக்கட்டும். க்யூஜிஐஎஸ் என்ற ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் சில பட்டைகளில் (ஒளியின் அலைநீளப் பகுதிகள்) 10 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கிறது. சாலைக்கும் கட்டடத்துக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் தரவு இருக்கிறது. பணியிடத் தரவை அனுமதி இல்லாமல் போர்ட்ஃபோலியோவில் போடக் கூடாது. அதே முறையைத் திறந்த தரவில் மறுபடி செய்து காட்டலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

தினமும் மாலையில் ஒரு குறிப்பு எழுதினேன்: கோப்பின் பெயர், மூலம், ஆயத்தொலைவு முறை, செய்த மாற்றம், ஏன் செய்தேன். பிறகு வேலைக்கான நேர்காணலில் என் வரைபடங்களை அவர்கள் அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "இந்தக் குழாய் நீளம் எப்படி வந்தது?" என்று ஒரு எண்ணைச் சுட்டிக் கேட்டார்கள். அந்தக் குறிப்பேட்டைத் திறந்து, 20 சென்டிமீட்டர் இடைவெளியில் தொடங்கிச் சொல்லிக்கொண்டு போனேன்.