முள் காட்டும் கியரும் பெட்டியில் விழும் கியரும்

ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் தொடர்பாக எந்தக் கோளாறைச் சொன்னாலும் நம் பக்கத்துப் பட்டறைகளில் வரும் முதல் பதில் ஒன்றுதான்: "கியர் பெட்டியை இறக்கிப் பார்த்துவிடலாம்." அந்தப் பதிலின் மேல் எனக்குத் தீராத எரிச்சல். டிரைவரின் கைக்கும் பெட்டிக்கும் நடுவில் சில இரும்புத் துண்டுகள் இருக்கின்றன. அவற்றைக் குனிந்து பார்க்க யாருக்கும் முதுகு வளைவதில்லை.

மாமாவின் பிக்கப்புக்கும் அதே தீர்ப்புதான் எழுதப்பட்டிருந்தது. வண்டி 1972ஆம் வருட ஷெவர்லே சி-10. சென்னையில் ஒரு வெளிநாட்டு அலுவலகம் கழித்துவிட்டதை அம்மாவைப் பெற்ற அப்புச்சி ஏலத்தில் எடுத்து, ஆனைமலைப் பக்கம் இருக்கும் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். இடது பக்க ஸ்டீயரிங், ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் கம்பி. கிளட்ச் பெடல் இல்லாத தைரியத்தில் அமுச்சியும் ஒரு காலத்தில் சாளை வீட்டுக்கும் களத்துக்கும் நடுவே அதை ஓட்டியிருக்கிறார். இப்போது தேங்காய் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது.

கோளாறு இதுதான். வண்டியைப் பூட்டி நிறுத்தும் பார்க்கிலிருந்து, ரிவர்ஸைத் தாண்டி, எந்தக் கியரிலும் சேராத நியூட்ரலுக்கு இறக்கிச் சாவியைத் திருப்பினால், என்ஜின் பிடித்ததும் வண்டி பின்னால் நகரும். டிரைவில் போட்டால் என்ஜின் மட்டும் இரையும். வண்டி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். பார்க்கில் போட்டு இறங்கினால் சரிவில் உருளும். அதற்கென்றே மாமா சீட்டுக்கடியில் இரண்டு செங்கல் வைத்திருந்தார். பொள்ளாச்சியிலிருந்து வந்த மெக்கானிக் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டிக்குள் கிளட்ச் பிளேட் எல்லாம் கருகியிருக்கும் தம்பி, ஓவர்ஹால்தான்" என்றார். மாமா என்னைப் பார்த்து, "ஏனுங்க மாப்பிள்ளை, பெட்டியே போய்விட்டதா?" என்று கேட்டபோது அவர் குரலில் விற்றுவிடும் எண்ணம் தெரிந்தது.

நான் மெக்கானிக் அல்லன். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்துப் பம்பு உதிரிபாகம் கடைந்து பிழைப்பவன். ஆனால் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் எங்கள் தொழிலும்.

முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே படுப்பவனுக்கு என் பட்டறையில் வேலை கிடையாது. மாமாவை மேலே உட்காரவைத்து, என்ஜினைப் போடாமல், கம்பியை மட்டும் மெதுவாக மேலும் கீழும் அசைக்கச் சொன்னேன். ஸ்டீயரிங் தண்டின் அடியில் இருக்கும் 'கை' என்ற இரும்புத் துண்டு உடனே நகர்ந்தது. அதில் மாட்டிய ராடு சும்மா இருந்தது. கை இன்னும் கொஞ்சம் போன பிறகுதான் ராடு புறப்பட்டது. நடு நெம்புகோலில் இன்னொரு தாமதம். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு கியர் தூரம். மேலே கியரைக் காட்டும் முள் நியூட்ரலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கீழே பெட்டி ரிவர்ஸிலேயே இருந்தது.

அடுத்து, பெட்டியின் பக்கத்தில் இருக்கும் லிவரிலிருந்து ராடைக் கழற்றி, லிவரைக் கையாலேயே தள்ளிப் பார்த்தேன். டக், டக் என்று ஒவ்வொரு இடமும் சுத்தமாக விழுந்தது. உள்ளே பல் வெட்டிய ஒரு தகடு இருக்கிறது. ஸ்பிரிங்கில் பிடித்த உருளை ஒன்று அந்தப் பள்ளங்களில் உட்கார்ந்துதான் இடத்தை நிறுத்துகிறது. அது நன்றாக இருந்தது. அந்தத் தகடு நகர்த்தும் வால்வுதான் ஆயில் அழுத்தத்தை எந்தக் கிளட்சுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. பள்ளத்தில் முழுதாக விழாமல் நடுவில் நின்றால் வழி பாதிதான் திறக்கும், அழுத்தம் குறையும், பிளேட் வழுக்கும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் மெக்கானிக் சொன்னதுபோல் பிளேட் கருகத்தான் செய்யும். பெட்டியின் ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்த்தேன்: சிவப்பு மாறவில்லை, தீய்ந்த வாடையும் இல்லை. பெட்டியை யாரும் தொடக்கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் மாமாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. "கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாது என்றுதானே ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள்?" என்றார். இருக்கிறது. ஆனால் இந்த வண்டியில் அது ஸ்டீயரிங் தண்டின் மேல் இருக்கிறது. மேலே கம்பி எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கீழே பெட்டி என்ன செய்கிறது என்று தெரியாது.

இது சின்ன விஷயம் இல்லை. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் காரில் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் பெட்டி வந்தபோது பார்க் என்ற இடமே கிடையாது. ரிவர்ஸ் கடைசியில், லோ கியருக்கு அடுத்து இருந்தது. ரிவர்ஸுக்கும் முன்னோக்கிப் போகும் கியர்களுக்கும் நடுவில் நியூட்ரல் இருந்தே தீர வேண்டும் என்று அமெரிக்க அரசின் 102ஆம் எண் பாதுகாப்பு விதி 1968இலிருந்து கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகும், பார்க்கில் நிற்பதுபோல் நின்று ரிவர்ஸுக்கு நழுவுவதாக ஃபோர்டு வண்டிகளைப் பற்றிப் புகார்கள் குவிந்தன. 1980இல் அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்த நிறுவனம் சுமார் 2.3 கோடி வண்டிகளுக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்பியது. மாமா அனுப்பியது செங்கல்தான்.

இனி வேலை. தண்டின் அடிக் கையில், துளைக்கும் பின்னுக்கும் நடுவில் இருக்கும் புஷ் என்ற வளையம் பொடியாகிப் போயிருந்தது. இரும்போடு இரும்பு உரசி, வட்டத் துளை முட்டை வடிவமாகிவிட்டது. அதில் நின்ற பின்னிலும் ஒரு பள்ளம். துளையை வெல்டிங் வைத்து நிரப்பி, அரத்தால் சமப்படுத்தி, திரும்பத் துளை போட்டேன். பின்னை இ.என்.8 எஃகுக் கம்பியில் புதிதாகக் கடைந்தேன்.

புஷ்ஷுக்கு எல்லோரும் நைலான் என்றார்கள். பல்லடத்திலும் சோமனூரிலும் தறிச் சாமான் கடைகளில் நைலான் கம்பி தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் நைலான் தண்ணீர் குடித்து ஊதும். தென்னந்தோப்புச் சேற்றில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தாது; மழைக்காலத்தில் இறுகும், கோடையில் ஆடும். டெல்ரின் என்ற பிளாஸ்டிக் மிகக் குறைவாகத்தான் தண்ணீரை இழுக்கும். அதில் கடைந்து, வெளிவட்டம் தட்டினால்தான் ஏறும்படியும், உள்வட்டத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியும் கொடுத்தேன். நடு நெம்புகோல் மட்டும் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே பிளாஸ்டிக்கை நம்ப மனம் வரவில்லை. பம்புக்குப் போடும் கன்மெட்டல் வெண்கலத்திலேயே ஒரு புஷ் போட்டுவிட்டேன். அமெரிக்காவிலிருந்து உதிரிபாகம் வரவழைக்கலாம் என்று மாமாவின் மகன் கைப்பேசியைக் காட்டிக்கொண்டிருந்தான். ஆவாரம்பாளையமும் கணபதியும் இருக்கும் ஊரில், விரல் நுனியளவு புஷ்ஷைக் கடல் கடந்து வாங்குவதா?

நெம்புகோலின் மூன்று நூல் (எட்டில் மூன்று அங்குலம்) போல்டு மட்டும் சிரமம் கொடுத்தது. உக்கடத்துப் பழைய சாமான் கடையில் கிடைத்தது விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் புரி. அதற்கும் அமெரிக்கப் புரிக்கும் இந்த அளவில் அங்குலத்துக்கு 16தான் கணக்கு. ஆகவே ஏறுவதுபோல் ஏறும். ஆனால் பல்லின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. இறுக்கினால் புரி அழிந்துவிடும். அதையும் லேத்திலேயே வெட்டிக்கொண்டேன்.

மாட்டியதும் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். செட்டிங்கில்தான் எல்லாம் இருக்கிறது. ராடின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் சுழல் நட்டைத் தளர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் லிவரைக் கடைசி லோ கியர் வரை தள்ளி, அங்கிருந்து மூன்று டக் திரும்பினால் நியூட்ரல். மேலே கம்பியையும் நியூட்ரலில் வைக்க வேண்டும். முள்ளைப் பார்த்து அல்ல, தண்டுக்குள் இருக்கும் தடுப்பில் கம்பி முட்டி நிற்பதைக் கையால் உணர்ந்து. முள் வெறும் அறிவிப்புப் பலகை. பேருந்து போய்விட்ட பிறகும் பலகை அதே ஊரைத்தான் சொல்லும். இரு முனையும் நியூட்ரலில் இருக்கும்போது, ராடை இழுக்காமல், தள்ளாமல், சுழல் நட்டை இறுக்க வேண்டும். அதற்கு முன் என்ஜின் மவுண்டிங் ரப்பரையும் கம்பி கொடுத்து நெம்பிப் பார்த்துக்கொள்வது நல்லது. ரப்பர் கிழிந்திருந்தால் ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது என்ஜின் புரண்டு செட்டிங்கையும் இழுத்துவிடும். மாமா வண்டியில் அது தேவலை.

சோதனையில் அவசரம் கூடாது. பார்க்கில் போட்டுவிட்டு, தூக்கியிருந்த பின் சக்கரங்களில் ஒன்றைச் சுற்றினேன். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றியது. அப்படியென்றால் பெட்டியிலிருந்து பின் சக்கரங்களுக்குப் போகும் நடுத் தண்டு பூட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு ஸ்விட்சை நகர்த்தி, பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்டர் வேலை செய்யும்படி வைத்தேன். மற்ற இடங்களில் பிரேக்கை மிதித்தபடி சாவியைத் திருப்பி ஒவ்வொன்றாக உறுதிசெய்தோம். முள்ளைக் கடைசியாகத்தான் நேராக்கினேன். வண்டியை இறக்கிக் களத்தில் ஓட்டியபோது டிரைவ் உடனே பிடித்தது.

லிவர் நுழையும் இடத்தில் ஆயில் சீல் மெல்லக் கசிகிறது. அதை மாற்றப் பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றி, ஷாஃப்டை வெளியே எடுக்க வேண்டும். தேங்காய் வெட்டு முடியட்டும், அதுவரை அடியில் ஒரு தகர டப்பாவை வைத்துக்கொள்கிறேன் என்று மாமா சொல்லிவிட்டார்.