ஹுமென்: தீ வைக்காமல் அழித்த அபின்

தென் சீனாவின் குவாங்சோவிலிருந்து ஹுமெனுக்கு அதிவேக ரயிலில் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கூட இறங்கியவர்கள் பலரின் கையில் பெரிய காலிப் பைகள். ஹுமென் இன்று துணிச் சந்தைக்குப் பேர்போன ஊர். நான் வந்தது இரண்டு குளங்களைப் பார்க்க.

அபினை ஒழிக்கச் சீனப் பேரரசர் அனுப்பிய அதிகாரி லின் ஸெஷு, 1839-இல் அபினை எரித்த இடம் என்றுதான் எனக்கு நினைவு. போய்ப் பார்த்தால், தீயே வைக்கவில்லை! எரித்தால் அபின் உருகி மண்ணுக்குள் இறங்கும். மறுநாளே ஆட்கள் அந்த மண்ணைத் தோண்டி, காய்ச்சி, திரும்பவும் அபின் எடுத்துவிடுவார்களாம். அதனால் கடலோரத்தில் பெரிய குழிகள் வெட்டி, அடியில் கல் பாவினார்கள். தண்ணீர் விட்டு உப்பைக் கொட்டி, அபின் உருண்டைகளை வெட்டிப் போட்டு அரை நாள் ஊறவைத்தார்கள். அப்புறம் சுண்ணாம்பு. குழி கொதித்துப் புகைய, ஆட்கள் மேலே பலகைகளில் நின்று கிளறினார்கள். கடல் வற்றும் நேரத்தில் மதகைத் திறந்துவிட்டார்கள். ஜூன் 3 முதல் 25 வரை இதே வேலை. நம்பாமல் பார்க்க வந்த அமெரிக்கப் பாதிரியார் பிரிட்ஜ்மன், வேலையின் நேர்த்தியைக் கண்டு அசந்துபோனார்.

தடை ஒன்றும் புதிதில்லை. 1729-லேயே யோங்செங் பேரரசர் அபின் விற்பனைக்குத் தடை போட்டிருந்தார். சட்டம் பீஜிங்கில், மாமூல் குவாங்சோவில்! லின் மாமூலுக்கு மசியாத ஆள். வெளிநாட்டு வியாபாரிகளை அவர்கள் குடியிருப்பிலேயே அடைத்துவைத்து 20,283 பெட்டிகளை ஒப்படைக்க வைத்தார்.

பெட்டிகளில் பெரும்பகுதி நம் நாட்டுச் சரக்கு. பாட்னா அபினைக் கசகசாப் பூவின் இதழ்களால் சுற்றி உருண்டையாக்கி, பெட்டிக்கு நாற்பது என்று அடுக்கி, கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியே ஏலம் விட்டது. அருங்காட்சியகத்தில் வழவழவென்று தேய்ந்த புகைக்குழாய்களைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

லின்னுக்கு என்ன ஆனது? பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்தன. அப்போதைய பேரரசர் பழியை அவர்மேல் போட்டு, மேற்கு எல்லையில் இலிக்கு நாடு கடத்தினார். 1842 நான்ஜிங் ஒப்பந்தத்தில் ஹாங்காங் பிரிட்டன் கைக்குப் போனது. அழித்த அபினுக்கு மட்டும் 60 லட்சம் வெள்ளி டாலர் நஷ்டஈடு.

அந்தக் குழிகள்தான் நான் பார்க்க வந்த குளங்கள்; இப்போது பூங்காவுக்குள் இருக்கின்றன. சதுரம், பச்சைத் தண்ணீர், சுற்றிலும் கம்பி வேலி. வேலையைத் தொடங்கும் முன் லின் கடல் தெய்வத்துக்கு ஒரு வேண்டுதல் எழுதினார்: நஞ்சு வருகிறது, மீன்களையும் மற்ற உயிர்களையும் கொஞ்ச நாள் தள்ளிப் போகச் சொல்லுங்கள் என்று. வேலியருகே ஒரு பையன் உள்ளே மீன் இருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். தண்ணீர் கலங்கலாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை.