புது மெசினில் இருந்த பழைய எண்ணெய்

போன கார்த்திகைக் கடைசியில் ஒரு தையல் மெசின் வாங்கினேன். கறுப்புத் தலை, இரும்புக் கால், பக்கத்தில் ஒரு சின்ன மோட்டர். 2022 இல் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்களில் அம்மாவின் கால்மெசின்தான் எங்கள் வீட்டு அடுப்பை அணையாமல் வைத்திருந்தது. அதனால் மோட்டர் இருந்தாலும் காலால் மிதிக்கவும் வேண்டும் என்று கேட்டுத்தான் எடுத்தேன். பள்ளிக்கூடம் தொடங்க முன்னர் 26 சீருடை தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டு, பாதிப் பேரிடம் முற்பணமும் வாங்கியாயிற்று. எல்லாம் வெள்ளைப் பொப்பிளின் துணி.

முதல் நாளே மெசின் படுத்தத் தொடங்கிவிட்டது. நாலு விரற்கடை தூரம் அழகாகத் தைக்கும். பிறகு சில்லு இறுகி, 'டக்' என்று நின்றுவிடும். துணியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் தும்புக்கட்டு மாதிரித் திரண்டிருக்கும். வெட்டி எடுத்துவிட்டு மறுபடி தைத்தால் மறுபடியும் அதே கதை. மூன்று நாளில் ஐந்து ஊசி உடைந்தது.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தேன். புது ஊசி போட்டேன், 14 ஆம் நம்பர். ஊசியில் நீளமாக ஓடும் கோடு நூல் வருகிற பக்கத்தைப் பார்க்க வேண்டும்; அதுவும் சரியாகவே இருந்தது. நல்ல நூல்கட்டை வாங்கினேன். அடி நூல் சுற்றியிருக்கிற பொபினை அவிழ்த்து நிதானமாகச் சுற்றினேன். அடியில்தானே நூல் திரள்கிறது என்று பொபின் உட்காருகிற பொபின் கேஸின் சின்ன ஸ்குரூவை இறுக்கினேன், தளர்த்தினேன், திரும்ப இறுக்கினேன். ஒன்றும் மாறவில்லை. வாங்கின கடைக்குப் போனால், "புது மெசின் எண்டால் அப்பிடித்தான், ஓட ஓடச் சரிவரும்" என்றார்கள். ஊசி உடைந்துகொண்டிருக்கும்போது எதை ஓட்டுவது?

எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் மெசின் திருத்துகிற ஐயா ஒருவர் இருக்கிறார். இப்போது வேலைக்குப் போவதில்லை. கண் கொஞ்சம் மங்கல். கேட்டதும் சைக்கிளில் வந்துவிட்டார். சில்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"பிள்ளை, இதை ஒருக்கால் துடைச்சு எண்ணெய் விட்டனியோ?"

"இல்லை ஐயா, புதுசுதானே. எண்ணெயோடைதான் வந்தது."

"வந்த எண்ணெய் கப்பலிலை வரேக்கை கறள் பிடியாமல் இருக்க விட்டது. தைக்கிறதுக்கு விட்டதில்லை."

நான் அடியில் தேடிக்கொண்டிருந்த பிழையை அவர் மேலே தேடினார். அடியில் நூல் திரண்டால் மேல் நூலுக்குப் பிடி இல்லை என்று அர்த்தம், பொபினைக் குறை சொல்லாதே என்றார். மேல் நூல் இரண்டு சின்னத் தட்டுகளுக்கு நடுவே நசுங்கித்தான் ஊசிக்குப் போகிறது. அழுத்துபாதத்தைத் தூக்கினால் அந்தத் தட்டுகள் தளரும். அப்படித் தூக்கி வைத்துக்கொண்டு, பழைய வேட்டியில் கிழித்த ஒரு நாடாவை அவற்றின் நடுவே விட்டு மேலும் கீழும் இழுத்தார். வெள்ளை நாடா தேன்மெழுகு நிறத்தில் வெளியே வந்தது. இரண்டாவது நாடாவிலும் அதே நிறம். நாலாவதுதான் வெள்ளையாகவே வந்தது. அவ்வளவு பிசின் நடுவில் இருந்தால் தட்டுகள் எப்படி நூலைப் பிடிக்கும்?

பிறகு பொபின் பக்கம். ஊசியை உச்சிக்குக் கொண்டுவந்து, தலையைப் பின்னால் சாய்த்து, பொபின் கேஸை எடுத்து, இரண்டு பக்கக் கொக்கிகளையும் விலக்கினால் வளையம் கழன்று வரும். அதற்குப் பின்னால், மேல் நூலைப் பிடித்து அடி நூலோடு கோர்க்கிற, கொக்கி மூக்கோடு பிறைபோல இருக்கிற துண்டுதான் சட்டில். அதைத் தொட்ட விரல் ஒட்டிக்கொண்டது. பலாப்பால் பட்டால் ஒட்டுமே, அதே மாதிரி. வெளிச்சத்தில் பிடித்தபோது அந்தப் பிசினுக்குள் இரும்புத்தூள் மினுங்கியது, மூன்று நாளில் சேர்ந்த எங்கள் ஊர்ச் செம்மண் தூசியும் நூல் தும்பும் இருந்தன. தறியில் நூலைக் கொண்டு ஓடுகிற ஓடம் மாதிரி வழுக்கி ஓட வேண்டிய சாமான் அது.

முற்றத்து வேம்பின் கீழ் பழைய உதயன் பேப்பரை விரித்து வேலையைத் தொடங்கினோம். கழுவ மண்ணெண்ணெய். அடுப்படியிலிருந்து எட்டத்தில் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பதில் ஐயா கண்டிப்பாக இருந்தார். மோட்டரின் பட்டியைக் கழற்றி, மோட்டரைப் பொலித்தீனால் சுற்றி, பிளக்கையும் பிடுங்கி வைத்தோம். சட்டில், வளையம், பொபின் கேஸ் மூன்றையும் ஒரு தகரத் தட்டில் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். பொபின் கேஸில் நூலை அழுத்துகிற மெல்லிய தகட்டுக்கு அடியில்தான் அழுக்கு ஒளிந்திருக்கும். மட்டையான கடதாசி ஓரத்தை விட்டு வழித்து எடுத்தேன். ஊசித்தட்டின் இரண்டு ஸ்குரூவையும் கழற்றி, துணியைத் தள்ளுகிற பல்லுகளின் இடைவெளியையும் துடைத்தேன்.

தலையின் மேலே இருக்கிற எண்ணெய்த் துளைகளுக்கும் அடிப்பக்க மூட்டுகளுக்கும் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, சில்லைக் கையால் பத்து நிமிடம் சுற்றச் சொன்னார். தொடக்கத்தில் என் தோள் நொந்தது. சுற்றச் சுற்ற ஊசித்தண்டு வழியாகத் தேநீர்ச் சாயம் மாதிரி வடிந்து பேப்பரில் விழுந்தது. கடைசி இரண்டு நிமிடமும் ஒரு விரலால் சுற்ற முடிந்தது. துடைத்துவிட்டு, மண்ணெண்ணெய் வாடை போகும்வரை ஒரு மணித்தியாலம் வெயிலில் விட்டோம்.

அந்த நேரம் பார்த்து அம்மா தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். தொண்ணூறுகளில் போரால் பொருளாதாரத் தடை இருந்தபோது எங்கள் வீட்டில் மெசினுக்கு அதுதான். 1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் போனபோதும், சீலைக்குள் சுற்றிய சின்னக் குப்பியில் அம்மா எண்ணெய் கொண்டுபோனது எனக்கு நினைவிருக்கிறது. ஐயா போத்தலைக் கையில் வாங்கி மரியாதையாகப் பக்கத்தில் வைத்தார். "அக்கா, அப்ப வேறை வழி இல்லை. இப்ப இருக்கு." தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். மார்கழி விடியற்காலையில் எங்கள் வீட்டுப் போத்தலே கட்டிபட்டுத்தான் நிற்கும். அம்மாவின் மெசின் மார்கழியில் காலையில் இறுகுவதும், வெயில் ஏறத் தளர்வதும் ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நல்லெண்ணெய் இன்னும் மோசம்; நாள்பட அதுவே பிசினாகிவிடும். மோட்டார் சைக்கிள் எண்ணெய் தடிப்பு, துணியில் கறுப்பாகப் பிடிக்கும். தண்ணீர் மாதிரித் தெளிவான தையல் மெசின் எண்ணெய் ஒரு சின்னப் போத்தல் போதும், மாதக்கணக்காக வரும்.

துளைக்கு ஒரு சொட்டு. ஊசித்தண்டுக்கு ஒன்று, பாதத்தண்டுக்கு ஒன்று. சட்டில் ஓடுகிற பள்ளத்துக்கு ஒன்று. எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. நூலைப் பிடிக்கும் தட்டுகளுக்கும், பட்டிக்கும், மோட்டருக்கும் எண்ணெய் காட்டவே கூடாது. சட்டிலைத் திரும்பப் பூட்டும்போது அதன் பிறையும் உள்ளே இருக்கிற பிறையும் சேர்ந்து ஒரு முழு வட்டமாக வர வேண்டும். வராவிட்டால் தலைகீழாகப் போட்டிருக்கிறோம். பொபின் கேஸை நூலில் தொங்கவிட்டுப் பார்த்தோம்: சும்மா பிடித்தால் அசையாமல் நின்றது, மெல்லச் சுண்டினால் ஒரு அங்குலம் இறங்கி நின்றது. நான் மூன்று நாளாக இறுக்கித் தளர்த்திய ஸ்குரூவை ஐயா கால் சுற்றுத்தான் திருப்பினார்.

பழைய வெள்ளைத் துணியில் ஓட்டினேன். முதல் மூன்று வரியிலும் தையலோடு மெல்லிய மஞ்சள் கோடு வந்தது. நாலாவது வரி சுத்தம். பத்து வரி தைத்தேன், ஒன்றிலும் அடியில் நூல் திரளவில்லை. சத்தம்கூட மாறியிருந்தது.

ஆனால் அன்றிரவு சந்தோஷத்தில் ஒரு பிழை விட்டேன். சட்டிலுக்கு இன்னும் நாலு சொட்டு விட்டால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். விடிய முதல் கவுணின் இடுப்பில் இரண்டு எண்ணெய்ப் பொட்டு. மனம் பதறிவிட்டது, அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் துணி. உடனே பவுடரைத் தடிப்பாகத் தூவி அரை மணித்தியாலம் விட்டு, உதறி, சவர்க்காரம் போட்டுக் கசக்கினேன், நல்லகாலம், போய்விட்டது. கூடின எண்ணெய் துணியில் வடிவது மட்டுமில்லை, தும்பையும் தூசியையும் பிடித்து மறுபடி அதே பிசினாகிவிடும் என்று ஐயா பிறகு சொன்னார்.

26 சீருடையும் தை முதல் வாரத்துக்குள் முடிந்தது. இப்போது நாள் முழுக்கத் தைத்தால் அன்று பின்னேரமே சட்டில் பக்கத்தைப் பிரஷால் தட்டி ஒரு சொட்டு விடுகிறேன். மற்றத் துளைகளுக்கு வாரம் ஒருமுறை. எண்ணெய் விட்ட பிறகு முதல் நாலு வரியும் பழைய துணியில்தான். இரவில் ஒரு சீலைத் துண்டால் மூடி வைக்கிறேன், செம்மண் தூசிக்கு.

நேற்று ஒரு சேர்ட்டின் கொலர் மூலையில் ஊசி ஒன்று உடைந்தது. சட்டிலைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. நாலு மடிப்புத் துணிக்கு 14 ஆம் நம்பர் போதவில்லை. அதைவிடத் தடிப்பான 16 போட்டேன், தைத்தது.