ஜென் கியர் பாக்ஸை மாற்றாமல் பிரித்துச் சரிசெய்த அனுபவம்

எங்கள் வீட்டில் 2002 மாடல் மாருதி ஜென் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 993 சிசி பெட்ரோல், ஐந்து கியர், அப்பா புதிதாக எடுத்தது. பதினைந்து வருடம் முடிந்ததும் ஆர்டிஓ ஆபீசில் ஆர்சியைப் புதுப்பித்து வைத்துக்கொண்டோம், அந்த அளவுக்கு எங்களுக்கு அதன்மேல் பிடிப்பு. போன வருடம் அதற்குக் கியர் பாக்ஸ் வேலை வந்தது. இதே வயது வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இரண்டு தொந்தரவு. வண்டியை நியூட்ரலில் நிறுத்திக் கிளட்சிலிருந்து காலை எடுத்தால் கிர்ர் என்று ஒரு சத்தம், கிளட்சை மிதித்ததும் அது அடங்கிவிடும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது கடகடவென்று பல் உரசும். முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாக்ஸ் போச்சு சார், வேற பாக்ஸ் ஏத்திடலாம்" என்றார்கள். எது போச்சு, எப்படிப் போச்சு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அங்கே விட மனம் வரவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் நண்பர் ஒருவர் சொல்லி, பழைய மாருதி வண்டிகளிலேயே காலத்தை ஓட்டிய ஒரு மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் செய்ததுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. கிளட்சை விட்டிருக்கும்போது கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும், மிதித்தால் நின்றுவிடும். ஆகவே மிதித்ததும் அடங்குகிற சத்தம் பெரும்பாலும் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கிலிருந்து வருவது. மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங், அதாவது மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங். அது தனி வேலை, பாக்ஸைப் பிரிக்கவே வேண்டாம். அடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தார். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது ரிவர்ஸ் உட்பட எல்லாமே இறுகினால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். ஜெனில் கிளட்ச் கேபிள்தான், அதைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடும். எங்கள் வண்டியில் இரண்டாவது மட்டும்தான் முரண்டு பிடித்தது. கடைசியாக ஓட்டிக்கொண்டே நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்து இரண்டாவதைப் போட்டார். வழுக்கிக்கொண்டு விழுந்தது! கியரின் வேகத்தையும் ஷாஃப்ட்டின் வேகத்தையும் நாமே ஒத்துப்போக வைத்தால் உரசவில்லை என்றால், அதைச் செய்ய வேண்டிய சிங்க்ரோனைசர் ரிங் என்ற பித்தளை வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள். பல் நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

ஆயிலை வடித்து அதில் ஒரு காந்தத்தை விட்டு எடுத்தோம். மாவு மாதிரி சாம்பல் நிறப் பசை ஒட்டினால் அது சாதாரணத் தேய்மானம். எங்களுக்கு அதோடு மெல்லிய செதில்களும் ஒட்டியிருந்தன, அது பேரிங்கின் வேலை. காந்தத்தில் ஒட்டாமல் ஆயிலில் தங்கப்பொடி போல மின்னியது பித்தளை, அதாவது ரிங். பெரிய இரும்புத் துண்டு எதுவும் இல்லை, பல் உடையவில்லை என்ற நிம்மதி அப்போதுதான் வந்தது.

இருந்தாலும் பழைய பாக்ஸ் ஒன்று வாங்குவது மலிவாக முடியுமா என்று பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கும் போய்ப் பார்த்தோம். ஜென் பாக்ஸ் கிடைக்காமல் இல்லை. ஆனால் உள்ளே எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சென்னையில் இன்னொரு பயமும் உண்டு. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மழையிலும் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. பாக்ஸின் மேலே காற்றுப் போக இருக்கும் பிரீதர் வழியாகத் தண்ணீர் இறங்கினால் பேரிங் துருப்பிடித்துவிடும், வெளியே துடைத்து வைத்தால் ஒன்றும் தெரியாது. ஒரு கடையில் இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்த பாய், என்னையும் சுற்றச் சொன்னார். விரலில் மணல் உரசுவது போல இருந்தது. "தம்பி, நம்ம பாக்ஸே இதுக்குத் தேவலாம்" என்றார். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இப்படிச் சுற்றிப் பாருங்கள், ஷாஃப்ட்டை ஆட்டிப் பாருங்கள், உள்ளே மிச்சமிருக்கும் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

பாக்ஸை இறக்குவது பொறுமையான வேலை. பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் ராட், இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் கழற்றி, இன்ஜினுக்கு அடியில் கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து இறக்கினார்கள். பிரித்ததும் பழைய இரண்டாவது கியர் ரிங்கை என் கையில் கொடுத்தார் பாய். ரிங்கின் உள்பக்கம் நூலிழை மாதிரி வரிகள் இருக்க வேண்டும், அவைதான் ஆயிலை ஒதுக்கிவிட்டுக் கோனை, அதாவது கியரின் கூம்பு வடிவ முகத்தைப் பிடிக்கும். எங்கள் ரிங்கில் வரிகளே காணோம், வழவழவென்று மழுங்கியிருந்தது. கோனில் வைத்து அழுத்தித் திருகினேன், தாராளமாகச் சுற்றியது. புது ரிங்கை அதே மாதிரி அழுத்தித் திருகினால் கவ்விக்கொண்டு நகர மறுத்தது. ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு விட்டு இடைவெளியைப் பார்க்க வேண்டும்: புதியதில் ஒரு மில்லிமீட்டரோ சற்று மேலோ இருக்கும், அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டும்.

ரிங் செட்டும் ஆயில் சீல்களும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைத்தன. பேரிங்கைக் கார் பெயர் சொல்லித் தேட வேண்டியதில்லை, அதன் வெளிவளையத்தில் வெட்டியிருக்கும் நம்பரைக் காட்டினால் பேரிங் கடையிலேயே எடுத்துக் கொடுப்பார்கள். நம்பருக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். அது உள்ளிடைவெளியின் அளவு, அது இல்லாத பேரிங் சூட்டில் இறுகலாம். பாக்ஸ் எப்படியும் கீழே இருக்கிறது என்பதால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிட்டோம். இதில் மிச்சம் பிடித்தால் ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும்.

பூட்டும்போது ஷாஃப்ட்டின் ஆட்டத்தை ஷிம் என்ற மெல்லிய தகட்டு வளையம் வைத்துப் பார்த்து, பாக்ஸ் கூட்டின் இரண்டு பாதியையும் அனபாண்ட் பசை தடவி இறுக்கினார்கள். ஆயில் விஷயத்தில் பாய் கறாராக இருந்தார். கடையில் வெறுமனே கியர் ஆயில் என்று கேட்டால் டிஃபரன்ஷியலுக்குப் போடும் ஜிஎல்-5 தர ஆயில் வந்துவிடலாம். அதில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம், பித்தளை ரிங்குக்கு ஆகாது, வழுக்கலும் கூடுதல் என்பதால் ரிங் சரியாகக் கவ்வாது. நாங்கள் ஊற்றியது 80டபிள்யூ-90 தடிமனில் ஜிஎல்-4 தர ஆயில். லெவல் ஓட்டை வழியாக வழியத் தொடங்கும்வரை ஊற்றி மூடினோம்.

எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய்க்குள் முடிந்தது. நியூட்ரல் சத்தம் சுத்தமாக இல்லை, இரண்டாவது கியர் இரண்டு விரலால் தள்ளினாலே விழுகிறது. மூன்றாவதில் மட்டும் மெல்லிய ஊளை கேட்கிறது. கியர் பல்லின் தேய்மானம் அது, கியரையே மாற்றாமல் போகாது, இப்போதைக்கு விட்டுவிடலாம் என்றார் பாய், நானும் விட்டுவிட்டேன். ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலை ஒரு தடவை மாற்றியாயிற்று.

ஒன்று மட்டும் கூடுதலாக: ஜெனில் ஐந்தாவது கியர் பாக்ஸின் ஓரத்தில் தனி மூடிக்குள் இருக்கிறது. உங்களுக்கு ஐந்தாவது மட்டும் உரசினாலோ தானாக வெளியே வந்தாலோ, முழு பாக்ஸையும் இறக்கச் சம்மதிக்கும் முன் அந்த மூடியை மட்டும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.