பச்சையும் கறுப்பும்: பதலோனா நாட்குறிப்பு

2025 மார்ச் 30, ஞாயிறு

இன்று எங்கள் ஊர்க் கூடைப்பந்து கிளப்பான ஜுவெந்துத்துக்கு 95 வயது. காலையில் கடற்கரைக்குப் போய்ப் பெட்ரோல் பாலத்தின் நுனிவரை நடந்தேன். ஒரு காலத்தில் கப்பல்களிலிருந்து எண்ணெய் இறக்கக் கட்டிய பாலம், இப்போது ஊரே அதில் காலாற நடக்கிறது. நுனியில் நின்று தெற்கே பார்த்தால் பார்சிலோனா கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. இந்த ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்கு ஒரு வியப்பு. அத்தனை பெரிய நகரமும் அதன் பணக்கார கிளப்பும் மெட்ரோ தூரத்தில் இருக்க, பதலோனா தனக்கென்று ஒரு கூடைப்பந்து அணியை எப்படி இவ்வளவு காலம் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது? சீசன் முடியும்வரை இதைப் பற்றி அவ்வப்போது எழுதி வைக்கப்போகிறேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 1927இல் லிண்ட்பெர்க் தனியாளாக அட்லாண்டிக்கைத் தாண்டிப் பாரிசில் இறங்கினார். அவருடைய விமானத்தின் பெயர் ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ். அந்தப் பரபரப்பு அடங்காத நேரத்தில், 1930இல், இந்த ஊர் இளைஞர்கள் சிலர் ஒரு சங்கம் ஆரம்பித்து அதற்கு 'பென்யா ஸ்பிரிட் ஆஃப் பதலோனா' என்று பெயர் வைத்தார்கள். பென்யா என்றால் நம் ஊரில் ஜமா என்போமே, அதுதான். பல விளையாட்டுகளுக்கான சங்கம் அது, அவற்றில் கூடைப்பந்தும் ஒன்று. உள்நாட்டுப் போர் முடிந்தபின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் ஸ்பானிய மொழியில் 'ஹுவெந்துத்' என்று பெயர் மாறியது. பிற்பாடு அதே சொல் கத்தலான் மொழிக்குத் திரும்பி 'ஜுவெந்துத்' ஆனது. இரண்டுக்கும் பொருள் இளமை. ஆனால் தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இன்றைக்கும் 'லா பென்யா'தான். அரசாங்கம் மாறியது, பலகை மாறியது, ஜமா மட்டும் ஜமாவாகவே இருந்துவிட்டது.

ஏப்ரல் 5, சனி

மேல் வீட்டுப் பெரியவர் மாடிப்படியில் நின்றபடியே ஒரு மணி நேரம் பேசினார். பச்சை, கறுப்பு என்ற அணியின் இரண்டு நிறம் காதில் விழுந்தால் போதும் அவருக்கு.

ஸ்பெயினின் தேசிய லீக் 1957இல் ஆறே அணிகளோடு தொடங்கியது. அன்றிலிருந்து ஒரு சீசன்கூட விடாமல் முதல் டிவிஷனில் ஆடியவை இன்று இரண்டே அணிகள்: ரியல் மாட்ரிட்டும் ஜுவெந்துத்தும். மாட்ரிட்டின் எஸ்துதியாந்தெஸ் 2021இல் கீழே இறங்கும்வரை மூன்றாக இருந்தது. பார்சிலோனாவே 60களில் சில ஆண்டுகள் முதல் டிவிஷனில் இல்லை. பெரியவர் கோப்பைகளைவிட இதைத்தான் முதலில் சொன்னார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஒரு நல்ல ஆண்டு யாருக்கும் வாய்க்கலாம், ஒரு தலைநகரத்து கிளப்புக்கு ஈடாக அறுபத்தெட்டு ஆண்டு நிற்பது வேறு.

லீக் பட்டங்கள் நான்கு: 1967, 1978, 1991, 1992. முதல் பட்டத்தில் நினோ புஸ்கதோ இருந்தார். ஸ்பெயின் அணிக்காக 222 ஆட்டம் ஆடியவர். 1981இல் ஐரோப்பிய கிளப்களுக்கான கோராச் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் வெனிஸ் அணியை ஓவர்டைமில் 105-104 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்றார்கள். அந்த ஒரு புள்ளியைச் சொல்லும்போது பெரியவர் சுட்டுவிரலை உயர்த்திக் காட்டுகிறார், நாற்பத்து நான்கு ஆண்டுக்கு அப்புறமும்.

இன்னொரு விஷயமும் சொன்னார். அந்தக் காலத்தில் இந்தச் சின்ன ஊரில் முதல் டிவிஷன் அணிகளே இரண்டு. சீர்கோல் கதோலிக் என்ற கத்தோலிக்க மன்றத்தின் அணி, பஞ்சாலை நிறுவனம் ஆதரவு தந்ததால் 'கோத்தோனிஃபிசியோ' என்ற பெயரில் ஆடியது. அதன் கோச் ஐத்தோ கார்சியா ரெனெசெஸ். அவர் பெயர் இந்த ஊர்க் கதையில் மறுபடி வரும். ஒரே ஊரில் இரண்டு அணி என்றால் வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு கட்சி பிரிந்து பேச்சுதான். குழந்தைகள் பந்தைக் கையில் எடுக்க வேறு என்ன காரணம் வேண்டும்?

ஏப்ரல் 16, புதன்

இன்றைய தேதியை இந்த ஊரில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 1992 ஏப்ரல் 16. பெரிய வியாழன். இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், ஜுவெந்துத்தும் பெல்கிரேடின் பார்ட்டிசானும்.

ஜுவெந்துத் அப்போது உச்சத்தில் இருந்தது. முந்தைய ஆண்டு லீக் சாம்பியன். கோச் லோலோ சாயின்ஸ், கேப்டன் ஜோர்தி வியாகம்பா, பந்தை நடத்திச் செல்ல ரஃபா, தோமாஸ் ஜோஃப்ரெசா என்ற அண்ணன் தம்பி. அரையிறுதியில் எஸ்துதியாந்தெஸை ஒரு கை பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். எதிரே இருந்தவர்கள் கிட்டத்தட்டப் பையன்கள். யூகோஸ்லாவியாவில் போர் நடந்ததால் சொந்த ஊரில் ஆட அனுமதியில்லாமல், மாட்ரிட் பக்கத்திலுள்ள ஃபுவென்லப்ராதாவை வீடாக்கிக்கொண்டு அந்த சீசனை ஓட்டிய அணி அது. கோச் ஜெல்கோ ஒப்ராதோவிச்சுக்கு 32 வயது. முந்தைய ஆண்டுவரை அதே அணியில் ஆட்டக்காரர்.

பழைய பதிவை மறுபடி போட்டுப் பார்த்தேன். கடைசி நொடிகளில் தோமாஸ் ஜோஃப்ரெசா உள்ளே புகுந்து கூடையில் போடுகிறார். 70-68. பதலோனா முன்னால். பார்ட்டிசானிடம் டைம் அவுட் கேட்கவும் நேரமில்லை. அவர்களுடைய ஜோர்ஜெவிச் பந்தை வாங்கிக்கொண்டு முழு மைதானமும் ஓடி, நிலை சரியாக அமைவதற்குள் எகிறி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிறார். உள்ளே. 71-70.

அவ்வளவுதான். நான் அந்த இடத்தைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். தடுத்தவர்கள் மேல் பெரிய குறை சொல்ல முடியவில்லை. கை உயர்த்தியிருக்கிறார்கள், அவரைக் கடினமான எறிக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஆனாலும் போய்விட்டது. கூடைப்பந்தில் எனக்குப் பிடித்ததும் தாங்க முடியாததும் இந்த ஒரே விஷயம்.

சாயங்காலம் பெரியவர் கழுத்தில் பச்சைக் கறுப்புச் சால்வை. கம்பளி நூல், ஒரு மூலையில் பூச்சி அரித்த ஓட்டை, விரல் நுழையும் அளவு. அன்று இஸ்தான்புல்லில் இதைப் போட்டிருந்தாராம். பதிவைப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். "தோமாஸ் போட்டதோடு நிறுத்திக்கொள். அதுவரை காட்டு, பார்க்கிறேன்" என்றார். அப்படியே செய்தோம்.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் திங்கள், விடுமுறை. 1994இல் இதே தேதியில் டெல் அவிவில் மறுபடி ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம்.

கதையின் முறுக்கு இங்கேதான். இஸ்தான்புல்லில் தங்களைத் தோற்கடித்த அதே ஒப்ராதோவிச்சை 1993இல் பதலோனாவே கோச்சாகக் கொண்டுவந்தது. கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வென்றவனிடமே போய்க் கற்றுக்கொடு என்று கேட்பதற்கு ஒரு பெரிய மனது வேண்டும். இந்த கிளப்பின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் முடிவு அதுதான்.

அந்த சீசனில் பனியனில் ஒரு குளிர்பானத்தின் பெயர். காலத்துக்குக் காலம் நுரைக்கும் ஒயின், ரம், காப்பீடு என்று இந்த அணியின் பெயரில் ஒட்டாத விளம்பரமே இல்லை எனலாம். பழைய செய்திகளைத் தேடுகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், எந்தப் பெயரில் வந்தாலும் அணி ஒன்றே.

அரையிறுதியில் எதிரே வந்தது பார்சிலோனா. 79-65. அந்த ஒரு வெற்றியே ஊருக்குப் போதுமாக இருந்திருக்கும். இறுதி ஆட்டம் கிரேக்க அணியான ஒலிம்பியாகோஸோடு. அன்று ஒரு தடவை பந்தைப் பிடித்தால் 30 நொடி வைத்திருக்கலாம், இப்போதுபோல் 24 இல்லை. அதனால் இரண்டு பக்கமும் மெதுவாக, இறுக்கமாக, கண்ணுக்கு இதமில்லாத ஆட்டம். பாதிப் புள்ளிகள் மூச்சுத் திணறித்தான் வந்தன. 56-57 என்று பின்தங்கியிருந்தபோது, 20 நொடிக்கும் குறைவாக மிச்சமிருக்க, பதலோனாவின் கோர்னி தாம்சன் கையில் பந்து. கூடைக்கு அடியில் முட்டி மோதுவதுதான் அவர் வேலை. அவர் கோட்டுக்கு வெளியே நின்று மூன்று புள்ளி எறிந்தார். 59-57. அப்புறம் ஒலிம்பியாகோஸின் பாஸ்பல் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றார். உள்ளே போகவில்லை. ஐரோப்பியக் கோப்பை பதலோனாவுக்கு. அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அதே பாஸ்பலுக்குத்தான் கிடைத்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இரண்டு ஆண்டு முன்பு ஒரு மூன்று புள்ளி எறிதலில் போனது, இன்னொரு மூன்று புள்ளி எறிதலில் வந்தது. இரண்டு தடவையும் வென்ற பெஞ்சில் ஒப்ராதோவிச். அவர் மொத்தம் ஒன்பது ஐரோப்பியப் பட்டங்கள் வென்றார், அதில் இரண்டாவது இது. பெரியவர் இந்தப் பதிவை முழுசாகப் பார்த்தார். ஒலியைக் கூட்டச் சொன்னார்.

மே 11, ஞாயிறு

கோர்க் மெட்ரோ நிறுத்தத்தில் இறங்கினால் பாலாவ் ஒலிம்பிக் அரங்கம். 12,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1992 ஒலிம்பிக்கில் கூடைப்பந்து இங்கேதான் நடந்தது. அமெரிக்க அணியின் ஜோர்டன், மேஜிக், பேர்ட் மூவரும் இந்தத் தரையில் ஆடியிருக்கிறார்கள். அங்கோலாவை 116-48, இறுதியில் குரோவேஷியாவை 117-85 என்று வென்றார்கள். கட்டடத்துக்கே மீஸ் வான் டெர் ரோ என்ற கட்டடக்கலை விருது கிடைத்தது. பார்சிலோனா ஒலிம்பிக்கின் கூடைப்பந்தை பதலோனாவுக்குத் தந்தது உபகாரமாக எனக்குத் தோன்றவில்லை. எங்கே ரசிகர்கள் இருக்கிறார்களோ அங்கே கொடுத்தார்கள்.

மே 24, சனி

காலையில் எங்கள் தெருமுனைத் திடலில் ஒன்பது, பத்து வயதுச் சிறுமிகள் இடது கை லே-அப், அதாவது ஓடிவந்து எகிறிக் கூடைக்கு அருகிலிருந்து பந்தைப் போடுவது, பழகினார்கள். வலது கைக்காரப் பிள்ளை ஒருத்தி ஒவ்வொரு தடவையும் கால் மாற்றி வைத்துத் தடுமாறினாள். பயிற்சி கொடுத்த பெண் திட்டவில்லை. பந்தையே வாங்கி வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு "வலது, இடது, மேலே" என்று நடக்க வைத்தாள். ஆறாவது தடவை கால் வந்துவிட்டது. அப்புறம்தான் பந்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஜுவெந்துத் வாழ்வது இதை நம்பித்தான். வியாகம்பா பதினேழு வயதிலிருந்து 1997வரை இங்கேயே ஆடி, பிறகு 1999 முதல் 2017வரை தலைவராக இருந்தார். 1994 அணியில் ஆடிய ஹுவானன் மொராலெஸ் அவருக்குப் பின் தலைவரானார். 2018இல் கடன் முற்றி கிளப்பையே மூடவேண்டிய நிலை வந்தபோது பொறுப்பில் இருந்தவர் அவர். எப்படியோ கரை சேர்த்தார்கள்.

ஐத்தோ 2003இல் திரும்ப வந்து பையன்களை நம்பி இறக்கினார். ரூடி ஃபெர்னாண்டஸ் மலர்ந்தது அவர் கையில். 2008இல் வித்தோரியாவில் ஸ்பெயினின் மன்னர் கோப்பை, அதே ஆண்டு தூரினில் ஹிரோனாவை 79-54 என்று வென்று ஐரோப்பிய அளவிலான யூலெப் கோப்பை. இவற்றுக்கெல்லாம் முன்பு, 2005 அக்டோபர் 15 அன்று, பக்கத்து ஊர் எல் மஸ்னோவைச் சேர்ந்த ஒரு பையனை ஐத்தோ களத்தில் இறக்கினார். அதுவரை லீக் வரலாற்றிலேயே மிகச் சிறிய வயது. பதினைந்து நிறைய ஆறு நாள் இருந்தது. பெயர் ரிக்கி ரூபியோ.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

செய்தி உறுதிதான். ரிக்கி திரும்பி வருகிறான்.

2009இல் இங்கிருந்து பார்சிலோனாவுக்குப் போனான். அப்புறம் அமெரிக்கா. 2019 உலகக் கோப்பையில் ஸ்பெயின் சாம்பியன், அவன் தொடரின் சிறந்த ஆட்டக்காரன். 2023இல் மனநலத்துக்காக ஆட்டத்தை நிறுத்தி வைத்தான், அதை வெளிப்படையாகவே சொன்னான். பதினாறு ஆண்டுக்குப் பிறகு, 34 வயதில், மறுபடி பச்சை கறுப்பு. எத்தனை நிமிடம் ஆடுவான் என்றெல்லாம் எனக்குக் கவலையில்லை. அவன் உடம்பும் மனதும் நன்றாக இருக்கட்டும்.

மாலையில் கதவு தட்டும் சத்தம். பெரியவர். ஒரு கையில் சால்வை, மறு கையில் ஊசியும் பச்சை நூலும். கண் முன்போல் தெரியவில்லையாம், ஊசியில் நூல் கோத்துத் தர முடியுமா என்றார். சீசன் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்றேன்.

"ஓட்டை பெரிசு" என்றார்.