டிஆர்6 சேஸி: இரும்பு ஏற்றும் முன், அது எங்கே வளைகிறது என்று பாருங்கள்

ட்ரையம்ப் டிஆர்6 என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் காரில் தடித்த ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) மாட்டி, ஸ்பிரிங்கையும் இறுக்கமாக்கிய பிறகும் வண்டி வளைவில் ஒரு தடவை திரும்பியது போல அடுத்த தடவை திரும்புவதில்லை என்ற புகார் அடிக்கடி வரும். பெரும்பாலும் தப்பு ஸ்பிரிங்கில் இருக்காது. அது உட்கார்ந்திருக்கும் சேஸியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் இருக்கும்.

இந்தச் சேஸி 1965-ல் டிஆர்4ஏ-வோடு வந்தது. டிஆர்5, டிஆர்250 வழியாக, 1976-ல் டிஆர்6 உற்பத்தி நிற்கும் வரை அடிப்படை அதேதான். அடியில் படுத்துப் பார்த்தால் இரண்டு பெட்டி ரயில்கள் (நீளவாக்கில் ஓடும் சட்டங்கள்) நடுவில் இடுப்பு போல நெருங்கி, பின்னால் மறுபடி விரிவது தெரியும். மேலே கூரை கிடையாது. பாடி போல்ட் போட்டு உட்கார வைத்தது. அதில் கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' பகுதி கெட்டியாக இருக்கும்வரை கொஞ்சம் கை கொடுக்கும், துரு அரித்துவிட்டால் அதுவும் இல்லை.

வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்கள் அழுந்தும்போது முன் சஸ்பென்ஷன், சேஸி, பின் சஸ்பென்ஷன் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ஸ்பிரிங்குகள் போல வேலை செய்கின்றன. நடுவில் இருப்பது தொளதொளவென்று இருந்தால் முன் பாரை எவ்வளவு தடிப்பாக்கினாலும் அந்த வித்தியாசம் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேராது. இது முழுச் சேஸியின் முறுக்கு. இதைவிட மோசமானது இன்னொன்று: விஷ்போனும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கை) டிரெய்லிங் ஆர்மும் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) பிடித்திருக்கும் பிராக்கெட் தனியாக அசைவது. சேஸி நேராகவே இருக்கும், ஆனால் கேம்பரும் (சக்கரத்தின் செங்குத்துச் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சுமைக்குச் சுமை மாறிக்கொண்டே இருக்கும். ஸ்டீயரிங்கில் கை உணரும் தடுமாற்றம் பெரும்பாலும் இரண்டாவது வகை. அதனால் பிராக்கெட்டுகளை முதலில் கட்ட வேண்டும், நடுப்பகுதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து நடுவில் எக்ஸ் வடிவக் குழாயோடு ஆரம்பிக்கிறார்கள். எடை கூடும், வண்டி பழையபடியே ஓடும்.

தடிமனைப் பற்றி ஒரு கணக்கு. 75-க்கு 90 மி.மீ. அளவில், 2 மி.மீ. தகட்டில் மூடிய பெட்டிக்குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முறுக்கை எதிர்க்கும் திறனைக் காட்டும் அதன் முறுக்கு எண் ஏறத்தாழ 11 லட்சம் மி.மீ.⁴. அதே குழாயில் நீளவாக்கில் ஒரு கீறல் விழுந்து விளிம்புகள் ஒன்றோடொன்று நழுவ ஆரம்பித்தால் எண் 880-க்கு விழுகிறது, அதாவது ஆயிரத்து இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே. டிஆர்6-ன் ரயில்கள் இரண்டு 'ப' வடிவத் தகடுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, இடைவிட்டு வெல்டிங் வைத்தவை. அந்த வெல்டுகளுக்கு இடையே துரு ஊறினால் பெட்டி மெல்லத் திறந்த சட்டமாகிறது. கீறல் விழுந்த குழாய் மேல் 4 மி.மீ. தகடு ஒட்டுவதைவிட அந்தத் தையலை முழுதாக மூடுவது பலமடங்கு பயன் தரும், எடையும் ஏறாது.

தையலை மூடும்போது ஒரே ஓட்டமாக இழுத்துக்கொண்டு போனால் ரயில் வாழைப்பழம் போல வளைந்துவிடும். 25 மி.மீ. வெல்டு, 75 மி.மீ. இடைவெளி, அடுத்தது எதிர்ப்பக்க ரயிலில், அடுத்தது மறுகோடியில். கை வைத்துத் தாங்கும் அளவுக்குச் சூடு தணிந்த பிறகே விட்ட இடைவெளிகளை நிரப்ப வேண்டும். இது அரை நாள் வேலை இல்லை. 0.8 மி.மீ. கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு, மிக் வெல்டர் போதும். தகட்டை வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்க்காமல் வெல்டிங் வைத்தால் உள்ளே குமிழி விழும். மேலே அழகாகத் தெரியும், தட்டினால் பிளக்கும்.

இதற்கெல்லாம் முன் சேஸி நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோணலான சேஸியைக் கெட்டியாக்கினால் கோணலே நிரந்தரமாகிவிடும். சமதரையில் நான்கு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் டரெட்டிலிருந்து (முன் ஸ்பிரிங் உட்காரும் கோபுரம்) எதிர்ப்பக்கப் பின் ஸ்பிரிங் பாலம் (பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) வரை இரண்டு மூலைவிட்டங்களையும் தூக்குநூல் விட்டுத் தரையில் குறித்து அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் வெல்டரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்த்தும் பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் வழி.

இனி டிஃபரென்ஷியலை (பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரக் கூடு) தாங்கும் 'பின்'கள், அதாவது ஆணி போன்ற இரும்புத் தண்டுகள். இந்த வண்டியில் பெயர்போன பலவீனம் இதுதான். டிஃபரென்ஷியல் நான்கு பின்களில் ரப்பர் புஷ்ஷோடு தொங்குகிறது. இரண்டு முன் பாலத்தில், இரண்டு பின் பாலத்தில். பின்களின் அடி, மெல்லிய தகட்டில் சிறு வெல்டால் நிற்கிறது. முதலில் முறிவது பெரும்பாலும் முன்பக்க வலது பின். காரணம் இருக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால், இன்ஜின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பெல்லர் தண்டு இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அந்த முறுக்கு டிஃபரென்ஷியல் கூட்டின் வலது பக்கத்தை மேலே தள்ளும். அதோடு சக்கரங்களை முன்னோக்கிச் சுழற்றும்போது எதிர்வினையாகக் கூட்டின் மூக்கும் மேலே எழும்பும், அந்த எதிர்வினை முறுக்கு தண்டின் முறுக்கைப் போல 3.45 மடங்கு (அமெரிக்கா போன வண்டிகளில் 3.7). இடது முன் பின்னில் இந்த இரண்டும் ஒன்றையொன்று குறைக்கும், வலதில் ஒன்றாகச் சேரும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் பின்னால் 'டொக்' என்று கேட்டால், தண்டின் மடங்கும் மூட்டான யூனிவர்சல் ஜாயிண்ட்டைச் சந்தேகிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

வெல்டிங் வைக்கும் முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றியே தீர வேண்டும். இருக்கைக்குப் பின்னால், இந்த வேலை நடக்கும் இடத்துக்கு மேலேதான் அது இருக்கிறது. பாட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, தண்டு, அரை அச்சுகள், டிஃபரென்ஷியல் எல்லாவற்றையும் இறக்கிய பிறகு நான்கு பின்களின் அடியையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சிவப்புச் சாயம் ஊடுருவும் சோதனைத் திரவம் அடித்துப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதில் சிவப்புக் கோடாகத் தெரியும். ஏதாவது ஒரு 'பின்' ஆடினால் அதே இடத்தில் மேலே வெல்டு குவிப்பது வீண். தகடே களைத்துப்போயிருக்கும், புதிய வெல்டின் ஓரத்தில் மறுபடி வெடிக்கும். பாலத்தின் கீழ்ப்பக்கத்தில் பின்னைச் சுற்றித் தாராளமாக மூடும் 3 மி.மீ. தகடு வெட்டி, பின் நுழையத் துளையிட்டு, தகட்டின் நான்கு ஓரமும் துளையின் சுற்றும் வெல்டிங் வையுங்கள். பிறகு தகட்டிலிருந்து பாலத்தின் பக்கச் சுவருக்கு ஒரு முக்கோணத் தாங்கு. நான்கு பின்களுக்கும் இதையே செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் கெட்டியாக்கினால் சுமை பக்கத்து வீட்டுக்குப் போகும். வேலை நடக்கும்போது பின்களுக்கு இடையிலான தூரம் மாறாமல் இருக்க, டிஃபரென்ஷியலின் துளை அளவிலேயே ஒரு பழைய தகட்டில் துளையிட்டு நட்டு முடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மறந்தால் கடைசியில் டிஃபரென்ஷியல் ஏறாது.

முன்னால், கீழ் விஷ்போனைப் பிடிக்கும் பிராக்கெட்டுகள். பிரேக்கும் திருப்பமும் ஒன்றாக வரும்போது இவை ரயிலிலிருந்து பிய்ந்துகொள்ளப் பார்க்கும். பெயிண்டில் ஓடும் மெல்லிய துருக்கோடு அதன் முதல் அடையாளம். பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் 3 மி.மீ. தாங்குத் தகடு வைத்து, அதை ரயிலின் அடிமுகத்துக்கு மட்டுமின்றிப் பக்கச் சுவருக்கும் இழுத்துச் சேர்க்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. கேம்பரைச் சரிசெய்யும் ஷிம்கள் (மெல்லிய தகட்டுத் துண்டுகள்) இந்த இடத்தில்தான் ஏறுகின்றன. நட்டுக்கு ஸ்பானர் போகிறதா, ஷிம் வெளியே வருகிறதா என்று தாங்கைப் புள்ளி வெல்டில் நிறுத்திப் பார்த்த பிறகே முழுதாக வையுங்கள்.

டரெட்டுகளுக்கு இடையே இன்ஜினுக்கு முன்னால் போல்ட் போட்ட குறுக்குக் குழாய் ஒன்று உண்டு. பழைய வண்டிகளில் அதன் போல்ட் துளைகள் முட்டை வடிவமாகிப்போயிருக்கும், சிலவற்றில் குழாயே காணாமல் போயிருக்கும். அது இல்லாமல் டரெட்டுகள் உள்ளே சாயும், வேறு எதைச் செய்தும் பயனில்லை. ஸ்டீயரிங் ரேக்கின் ரப்பர் தாங்கிகளை அலுமினியக் கட்டைகளாக மாற்றுவது ஒரு மணி நேர வேலை. செலவுக்குக் கிடைக்கும் பலன் இதில்தான் அதிகம்.

பின் டிரெய்லிங் ஆர்ம் பகுதி துருவின் தலைநகரம். சாய்ந்த குறுக்குச் சட்டங்கள் ரயிலோடு கூடும் இடத்தில் மேலும் கீழும் ஒரு பெரிய தகடு மூடுகிறது. அதன் வடிவத்தால் டி-ஷர்ட் தகடு என்றே பெயர். தகட்டுக்கும் ரயிலுக்கும் நடுவே சேறும் தண்ணீரும் தங்கும். சுத்தியலின் கூர்முனையால் தட்டுங்கள். 'டங்' என்றால் இருக்கிறது, 'பொத்' என்றால் இல்லை. போன தகட்டின் மேல் புதுத் தகடு போர்த்துவது மகா தவறு. வெட்டி எடுத்து, நல்ல உலோகம் தொடங்கும் இடம்வரை போய், ஒவ்வொரு பக்கமாக மாற்ற வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டினால் பின்பகுதிக்கு எது நேர் என்று சொல்ல எதுவும் மிச்சமிருக்காது. ஆர்மைப் பிடிக்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகள் சட்டத்தின் ஒரே சுவரில் பிடித்தால் சுவர் உள்ளே அமுங்கும். உள்ளே 3 மி.மீ. சுவருள்ள குழாய்த்துண்டு ஒன்றைக் குறுக்காக வைத்து இரண்டு சுவரிலும் வெல்டிங் வைத்தால் போல்ட்டை நம்பி முடுக்கலாம்.

தாங்குத் தகடு எதுவானாலும் அதன் முனை சதுரமாக, ரயிலுக்குக் குறுக்கே வெல்டோடு முடியக் கூடாது. கெட்டியான இடம் திடீரென்று மெலிதாகும் அந்தக் கோட்டில்தான் சேஸி அடுத்த தடவை வெடிக்கும். முனையை மீன்வாய் போலவோ சாய்சதுரமாகவோ வெட்டி, வெல்டை நீளவாக்கில் ஓடவிட்டு முடியுங்கள். தகடும் அடியில் உள்ள உலோகத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் தடிக்க வேண்டாம்.

உண்மையிலேயே பலன் கிடைத்ததா என்று அளக்கலாம். பாடி இறக்கிய சேஸியின் பின் ஸ்பிரிங் பாலங்களை இரண்டு பக்கமும் தரையோடு கட்டி, முன்பக்கத்தை நடுவில் ஒரே ஒரு உருளைமேல் தாங்கி, டரெட்டுகளுக்குக் குறுக்கே உத்தரம் பூட்டி, நடுவிலிருந்து 1 மீட்டரில் 50 கிலோ ஏற்றுங்கள். அது 490 நியூட்டன் மீட்டர். 700 மி.மீ. இடைவெளியில் இரண்டு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து ஒன்று 3 மி.மீ. இறங்கி மற்றது 3 மி.மீ. ஏறினால் கோணம் 0.49 பாகை, பாகைக்கு ஏறத்தாழ 1000 நியூட்டன் மீட்டர். இது கணக்குப் போடும் முறைக்கு ஒரு உதாரணம்தான், ஒவ்வொரு சேஸிக்கும் எண் வேறு. பின்பக்கக் கட்டும் கொஞ்சம் அசையும், அங்கேயும் கேஜ் வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே அமைப்பில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

மூடிய பெட்டிக்குள் வெல்டின் சூடு பழைய பூச்சை எரித்திருக்கும், துரு அங்கிருந்து மறுபடி தொடங்கும். தண்ணீர் வடிய அடியில் 8 மி.மீ. துளை விட்டு, உள்ளே மெழுகு பீய்ச்சுங்கள். கால்வனைஸ் செய்யக் கொடுப்பதானால் ஒவ்வொரு அறைக்கும் காற்றுத்துளை கட்டாயம். அடைத்த குழாயில் ஈரம் இருந்தால் உருகிய துத்தநாகத் தொட்டியில் வெடிக்கும். திரும்பி வந்த சேஸியின் மூலைவிட்டங்களை மறுபடி அளக்க வேண்டும், சூட்டில் கோணலாகியிருக்கலாம்.

எல்லாம் பூட்டிய பிறகு முன்சக்கரத்துக்கு 1 முதல் 1.5 மி.மீ. டோ-இன் வையுங்கள். டிரெய்லிங் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முடுக்க வேண்டும், தொங்கவிட்டு முடுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கியே நிற்கும். நான்கு டிஃபரென்ஷியல் நட்டுகளிலும் நட்டிலிருந்து தட்டுக்கு ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு போட்டு, 500 கி.மீ. ஓடியதும் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. கோடு நேராக இருந்தும் 'டொக்' கேட்டால் ரப்பர் போய்விட்டது.